ஐந்நூறு லிட்டர் தண்ணீரும் ஆறு டயரும்

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் ஊர் வழியாகப் போகும் சென்னை–திருப்பதி சாலை மஞ்சளாகிவிடும். சென்னையிலிருந்தும் ஆவடி, திருவள்ளூர் பக்கத்திலிருந்தும் பாதயாத்திரைக் குழுக்கள் கோவிந்தா போட்டுக்கொண்டு வரும். ஒவ்வொரு குழுவோடும் ஒரு வண்டி ஊர்ந்து வரும். நடப்பவர்களின் பை, பாய், தைலம், அரிசி, அடுப்பு, குடிதண்ணீர் எல்லாம் அதில்தான். திருத்தணியிலிருந்து நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். நடக்கிறவர்களுக்குப் பெருமாள் துணை. அவர்களுக்கு மூன்று வேளையும் சோறு போட எங்கள் நைனா துணை.

நைனா சமையல் மாஸ்டர். முகூர்த்த மாதங்களில் கல்யாணச் சமையல், ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் குழுக்களின் அன்னதானம், புரட்டாசியில் பாதயாத்திரை, டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழாவுக்கு வருகிற பஜனைக் கோஷ்டிகளுக்குப் பொங்கல் என்று வருஷம் முழுக்க வேலை இருக்கும். நான் பி.காம். முடித்த கையோடு கணக்குப் புத்தகம் என்னிடம் வந்துவிட்டது. மளிகைச் சிட்டை, ஆள் கூலி, வண்டி வாடகை மூன்றும் என் கையெழுத்தில்தான் இருக்கும். இந்த மூன்றாவதுதான் எங்களை அரித்தது. புரட்டாசியில் வாடகை வண்டிக்காரர் சொல்வதுதான் விலை. பாதி வழியில் டிரைவர், "எனக்கு வேற லோடு வந்திருக்கு மாஸ்டர்" என்று தலையைச் சொறிவார். மழை வந்தால் மாவு மூட்டைக்குத் தார்பாயைக் கொடுத்துவிட்டு ஆட்கள் நனைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

2013-இல் சொந்த வண்டி என்று முடிவானது. வெறும் வண்டி இல்லை. பின்னால் ஒரு பொட்டி வேண்டும் என்றார் நைனா. கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். ஒரு பக்கம் அண்டா, தேக்சா, ஜல்லிக்கரண்டி மாட்ட அலமாரி. இன்னொரு பக்கம் மடக்கி வைக்கிற இரண்டு பலகைப் படுக்கை. மூலையில் சிலிண்டர் கூண்டு. பக்கவாட்டுக் கதவைத் தூக்கினால் அதுவே பரிமாறும் இடத்துக்கு நிழல். நடுவில் ஐந்நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி. அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் தொட்டிக்குள் ஒரு குட்டி வீட்டையே வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. நைனாவுக்கு இப்போதும் தெரியாது. ஆனால் அவர் வரைந்தது அதுதான்.

எந்த வண்டி என்று கேட்டால் தெருவில் ஆளுக்கொரு பதில். அந்த வருஷங்களில் எங்கே திரும்பினாலும் குட்டி யானைதான். 2005-இல் இரண்டேகால் லட்சத்துக்கு டாடா ஏஸ் வந்தபோது மூன்று சக்கர வண்டி வைத்திருந்தவர்களெல்லாம் நாலு சக்கரத்துக்கு மாறினார்கள். 700 சி.சி., இரண்டு சிலிண்டர், பதினாறு குதிரைச் சக்தி, முக்கால் டன் தாங்கும் என்று பேர். ஒன்றரை டன் ஏற்றிக்கொண்டு ஓடியதை நானே பார்த்திருக்கிறேன். பூக்கடைக்காரர், "ஏஸ் போதும் மாஸ்டர், சந்து பொந்தெல்லாம் போகும்" என்றார். மாமா மகன் அசோக் லேலண்டின் தோஸ்த் கட்சி. நிஸானோடு கூட்டுச் சேர்ந்து 2011-இல் இறக்கிய வண்டி, ஓசூரில் செய்தது, மூன்று சிலிண்டர், ஒன்றேகால் டன். பள்ளிப்பட்டுப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் பெரியப்பா பொலேரோ பிக்கப்பைத் தவிர வேறெதையும் வண்டி என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். இரண்டரை லிட்டர் இன்ஜின், தோப்புக்குள் மண்பாதையில் அடி தட்டாமல் போகும். அதுவும் அப்போது ஒன்றேகால் டன்தான்.

இவர்கள் யாரும் எங்கள் லோடு எவ்வளவு என்று கேட்கவில்லை. வண்டி வாங்குகிற பேச்சு எங்கள் ஊரில் எப்போதும் வண்டியிலிருந்துதான் தொடங்கும். மைலேஜ், மறுவிற்பனை விலை, ஷோரூம்காரர் கொடுக்கிற தள்ளுபடி என்று போய், "லோடு ஏத்திக்கலாம்பா, ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டுக்கோ" என்று முடியும். ஸ்பிரிங்கில் பட்டை சேர்த்தால் வண்டியின் பின்பக்கம் தாழாது, அவ்வளவுதான். ஆக்சில் பழைய ஆக்சில், பிரேக் பழைய பிரேக், டயர் பழைய டயர். கண்ணுக்குத் தெரிகிற குறையை மட்டும் மறைக்கிற வைத்தியம் அது.

கணக்கு எழுதுகிறவளுக்கு இந்தப் பேச்சு ஒத்துவரவில்லை. ஒரு சனிக்கிழமை வீட்டுத் திண்ணையில் மளிகைத் தராசை வைத்து எடை போட ஆரம்பித்தேன். பித்தளை அண்டாவும் அலுமினிய தேக்சாக்களும் மூடிகளும் கரண்டிகளும் சேர்ந்து 240 கிலோ. பர்னர், ஸ்டாண்டு 60. அரிசி 25 கிலோ மூட்டை எட்டு, ஆக 200. பருப்பு, எண்ணெய், காய்கறி 180. வணிக சிலிண்டரில் உள்ளே இருக்கிற காஸ் 19 கிலோ, இரும்போடு சேர்த்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நான்குக்கு 150 என்று வைத்தேன். நடப்பவர்களின் பைகள் 240. டிரைவர் போக முன்னால் உட்காரும் இரண்டு ஆட்கள் 130. பொட்டிக்கு இரும்புக் கடைக்காரரிடம் ஆங்கிளுக்கு அடிக்கு இத்தனை, தகட்டுக்கு ஷீட்டுக்கு இத்தனை என்று கேட்டுக் கூட்டினேன், பிளைவுட்டோடு 380. அம்மா கூடத்திலிருந்தே, "தண்ணிய எழுதினியா?" என்றாள். தண்ணீர் ஐந்நூறு லிட்டர் என்றால் ஐந்நூறு கிலோ. தராசே வேண்டாம்.

கூட்டினால் 2,080 கிலோ.

நைனா பட்டியலைப் பார்த்தார். ஏஸ் மாதிரி மூன்று வண்டி வேண்டும். தோஸ்தும் பொலேரோவும் ஆளுக்கு ஒன்றேகால் டன்னோடு நின்றுவிடும். "பையை எல்லாம் அவங்களே தூக்கட்டும்" என்றார். அது நடக்காது என்று அவருக்கே தெரியும். எதைக் குறைப்பது என்று பார்த்தால் விரல் தண்ணீர்மேல்தான் போய் நின்றது. ஆனால் தண்ணீரில் மட்டும் நைனா அசையமாட்டார். புத்தூர் தாண்டினால் தண்ணீர் உப்பு, துவரம்பருப்பு வேகாது, வெந்தாலும் கரையாது, சாம்பார் தனியாகவும் பருப்பு தனியாகவும் நிற்கும் என்பது அவர் வாதம். எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரில் வைத்த ரசத்தைத்தான் பாதயாத்திரைக்காரர்கள் வருஷா வருஷம் கேட்டு வருகிறார்கள் என்று நம்பினார். அந்த நம்பிக்கையின் எடை ஐந்நூறு கிலோ.

அப்படியானால் பெரிய வண்டிக்குப் போகவேண்டும். அங்கே சட்டம் ஒரு கோடு போட்டிருந்தது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, லோடோடு சேர்த்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. ஏஸ், தோஸ்த், அந்தக் காலத்துப் பொலேரோ பிக்கப் எல்லாம் அந்தக் கோட்டுக்குள் அடங்கியவை. கோட்டைத் தாண்டினால் பெர்மிட் வேண்டும், பக்கத்து மாநிலத்துக்குள் போக அனுமதியும் கட்டணமும் தனி. மற்ற ஊரில் இது பெரிய விஷயமில்லை. எங்கள் ஊரில் கடைசித் தெருவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பொன்பாடி சோதனைச்சாவடி, அதற்கப்பால் ஆந்திரா. 1960 ஏப்ரல் 1 வரைக்கும் திருத்தணியே ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. போராடி, பட்டாஸ்கர் தீர்ப்பு வந்து, ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. தாத்தா அந்த நாளைத் தீபாவளி மாதிரி சொல்வார். நைனா பெர்மிட் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ம.பொ.சி. புத்தூர் வரைக்கும் கேட்டு வாங்கியிருக்கலாம்" என்றார்.

ஆசை விடவில்லை. சின்ன வண்டியிலேயே முடித்துவிட முடியுமா என்று பார்க்கத் தண்ணீர்க் கேன் போடுகிறவரின் ஏஸை ஒரு நாள் காலையில் கேட்டு வாங்கினோம். அரிசி மூட்டையும் நிரப்பிய கேனுமாக அதன் கணக்குப்படி முக்கால் டன் மட்டும் ஏற்றி மலைக்கோயில் சாலையில் விட்டோம். படியில் போனால் 365 படி. வண்டிச் சாலை அதைச் சுற்றி வளைந்து ஏறும், நீளம் அதிகமில்லை, ஆனால் ஏற்றம் ஏற்றம்தான். எங்கள் டிரைவர் அண்ணன் ஓட்டினார், நான் பக்கத்தில். இரண்டாவது வளைவில் முதல் கியருக்கு வந்தவர் மேலே போகும்வரை மாற்றவில்லை. ஏறிவிட்டது, குறை சொல்ல முடியாது. சொன்ன எடைக்குச் சொன்ன வேலையைச் செய்தது.

மேலே வண்டியைத் திருப்பிவிட்டு அவர் சொன்னார்: "ஏர்றதப் பாக்காத பாப்பா. ஏறலன்னா வண்டி நிக்கும், அவ்ளோதான். எறங்கறதப் பாரு." எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது லாரிக்காரர்களின் பழைய பாடம். அப்போதுதான் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக்குக்கு வேலை குறையும். இறக்கம் முழுக்கப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் லைனிங் சூடேறி, ஒரு கட்டத்தில் மிதி ஆழமாகப் போகும், வண்டி நிற்காது. அவர் முதல் கியரிலேயே இறங்கினார். கீழே வந்ததும் பின்சக்கரத்தின் பக்கத்தில் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். இளஞ்சூடு. "இதுல இன்னும் ஆயிரத்து முந்நூறு கிலோ ஏத்திட்டு வந்தா கைய வெச்சிருக்க முடியுமா?" என்றார். நைனா அன்றைக்கே ஏஸ், தோஸ்த், பொலேரோ மூன்றையும் மனசிலிருந்து இறக்கிவிட்டார்.

மிச்சம் இருந்தது டாடா 407. அதற்கு ஒரு கதை உண்டு. எண்பதுகளின் நடுவில் ஜப்பான் கூட்டோடு ஸ்வராஜ் மஸ்தா, ஐஷர் மிட்சுபிஷி, டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிஸான் என்று நான்கு கம்பெனிகள் சின்ன லாரிகளோடு இறங்கின. டாடா கதை முடிந்தது என்று பேசிக்கொண்டார்களாம். கூட்டாளி யாரும் இல்லாமல் 1986-இல் அவர்கள் விட்ட பதில்தான் 407. இன்றைக்கு ஆல்வின் நிஸானை யாருக்கு ஞாபகம் இருக்கிறது? 407 எங்கள் ஊர்ச் சந்தையில் இன்னும் நிற்கிறது. கிட்டத்தட்ட மூன்று லிட்டர் இன்ஜின், இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும் சட்டம், பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு டயர், முன்னால் இரண்டு. அழகு கிடையாது. உள்ளே உட்கார்ந்தால் இன்ஜின் சத்தத்தில் பேச முடியாது, கோடையில் கால் வெந்துவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி டிரைவர் அண்ணனின் தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. ஆனால் உயரமான பொட்டியைத் தூக்கிக்கொண்டு வளைவில் திரும்பும்போது அகலமாக ஊன்றி நிற்க அந்தப் பின் நாலு டயர் வேண்டும். ஒன்று பஞ்சரானால் பக்கத்து டயர் தாங்கிப்பிடித்து ஓரம் கட்ட விடும். பின்பக்கம் ஒற்றை டயர் போட்ட வண்டியில் அந்த வசதி இல்லை.

வண்டி முடிவானபிறகு பொட்டியில் சிக்கல் வந்தது. சேஸிஸோடு சேர்த்து வெல்டு வைத்துவிடலாம் என்றார் பட்டறை மேஸ்திரி. நைனா, பழக்கமான ஒரு பிரேக் இன்ஸ்பெக்டரிடம் யோசனை கேட்டார். அவர் சிக்கனமாகப் பேசுகிறவர். "வெல்டு வெச்சா அது பாடி. ஆர்.சி.யில ஏறணும், இல்லன்னா 52-வது பிரிவுல மாட்டுவ. சங்கிலி போட்டுக் கட்டி வெச்சா அது லோடு. ஒண்ணு மட்டும் கேட்டுக்க, ஓட்ற வண்டியில பின்னால ஒருத்தன் படுத்திருக்கக் கூடாது. நிறுத்திட்டு எவ்ளோ நேரம் வேணா தூங்குங்க."

அதனால் பொட்டி கழற்றி மாட்டுகிறதாக ஆனது. இது எங்களுக்கு வந்த அதிர்ஷ்டம் என்று பிறகு புரிந்தது. சீசன் இல்லாத மாதங்களில் வெறும் வண்டியை மாங்காய்க்கும் காய்கறிக்கும் வாடகைக்கு விட முடிந்தது, வண்டிக் கடனின் தவணையில் பாதியை அதுவே கட்டியது. பொட்டியின் நான்கு மூலையிலும் மேஸ்திரி இரும்புக் கை வைத்தார். ஒவ்வொரு கைக்கும் கீழே ஜாக்கி. நாலு பேர் ஒரே தாளத்தில் அடிக்கவேண்டும், ஒரு மூலை முந்தினால் பொட்டி முறுக்கிக்கொண்டு கதவு திறக்காது. அரை அடி எழும்பியதும் கீழே டிரம் வைத்து, வண்டியை மெதுவாக முன்னால் உருவினால் பொட்டி அந்தரத்தில் நிற்கும். சிலிண்டர் கூண்டின் கதவை வெளிப்பக்கமாக வைத்து, தரையோடு தரையாகக் காற்றுத் துளை விட்டார். காஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் மேலே போகாது, காலடியில் தேங்கும்.

தண்ணீர்த் தொட்டியில்தான் மேஸ்திரி தன் வித்தையைக் காட்டினார். ஐந்நூறு லிட்டர் ஒரே தொட்டி வேண்டாம், இருநூற்றைம்பதாக இரண்டு வைக்கலாம் என்றார். ஏன் என்று நைனா கேட்டதற்குப் பக்கத்தில் இருந்த பக்கெட்டில் பாதித் தண்ணீர் எடுத்து வேகமாக நடந்து சட்டென்று நின்றார். தண்ணீர் நிற்கவில்லை, நைனாவின் வேட்டியில் வந்து விழுந்தது. நிறைந்த தொட்டியும் காலித் தொட்டியும் சாது, பாதித் தொட்டிதான் வண்டியைப் பிடித்துத் தள்ளும். ஒன்றை முழுக்கக் காலி செய்துவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்கவேண்டும் என்று எங்கள் வீட்டில் அன்றைக்கு ஒரு விதி வந்தது. இரண்டு தொட்டியையும் பின் ஆக்சிலுக்குக் கொஞ்சம் முன்னால் வரும்படி, தரையோடு படுக்கப் பொருத்தினார்.

எல்லாம் ஏற்றி முடித்து, கரும்பு லோடு எடை போடுகிற மேடைக்குக் கொண்டுபோனோம். முதலில் முன்சக்கரம் மட்டும், பிறகு முழு வண்டி, பிறகு பின்சக்கரம் மட்டும். மேடைக்காரர் மூன்று சீட்டுக்கு மூன்று கட்டணம் வாங்கினார். நான் போட்ட 2,080-க்கு நாற்பது கிலோ கூட இருந்தது. அந்த நாற்பதைத் தேடிப் பொட்டியைக் குடைந்தபோது அம்மியும் குழவியும் அகப்பட்டன. கரண்ட் இல்லாத இடத்தில் துவையலுக்கு என்று அம்மா வைத்தது. அம்மி இறங்கவில்லை, ஒரு காய்கறி மூட்டை இறங்கியது.

அந்தப் பொட்டியோடு நாங்கள் போன வழியெல்லாம் சொன்னால் நீளும். வடமாலப்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் மழைக்கு நடுவே பக்கவாட்டுக் கதவைத் தூக்கி நிறுத்தி, உள்ளிருந்தே வெண்பொங்கல் பரிமாறியது எனக்குப் பிடித்த ஞாபகம். வரிசையில் நின்ற ஒரு பாட்டி, "ஏமம்மா, இல்லே தெச்சேஸாரு" என்று சிரித்தாள். வீட்டையே கொண்டுவந்துவிட்டீர்களே என்கிறாள். பொன்பாடியில் நிறுத்துவார்கள், பெர்மிட்டைப் பார்ப்பார்கள், எடைச் சீட்டைக் கேட்பார்கள், பிறகு பொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டு வடை கேட்பார்கள். வடைக்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது.

டெக்சாஸில் இருக்கும் சித்தி மகன் இதன் போட்டோவைப் பார்த்துவிட்டு அடுத்த நாளே கூப்பிட்டான். அவனும் பிக்கப்பின் தொட்டியில் உட்காரவைக்கிற வீட்டுப் பொட்டி வாங்கப் போகிறானாம், எந்த வண்டி என்று அவன் ஆபீஸிலும் ஆளுக்கொரு கட்சியாம். அங்கே ஃபோர்டு வண்டிகளில் 150 என்றால் அரை டன், 250 முக்கால் டன், 350 ஒரு டன் என்று பழைய பேர். இப்போது அந்தப் பேருக்கும் தாங்குகிற எடைக்கும் சம்பந்தமில்லை. டிரைவர் கதவுத் தூணில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், ஆளும் சாமானும் சேர்ந்து இவ்வளவுதான் என்று அந்த ஒரு வண்டிக்கு மட்டும் உரிய எண் அதில் இருக்கும். அதைப் படித்தாயா என்றேன். இல்லை, கலர் பார்த்துவைத்திருக்கிறேன் என்றான். பொட்டி விற்கிறவன் சொல்கிற எடையில் தண்ணீரும் பாத்திரமும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டுப் பின்னால் இரட்டை டயர் போட்ட 350-க்கு மாறினான். பெண்டாட்டிக்கு அதை ஓட்டவே பிடிக்கவில்லையாம், பார்க்கிங் கிடைக்காதாம். எங்கள் டிரைவர் அண்ணனின் தோளைப் பற்றி அவளிடம் சொல்லவேண்டும்.

இப்போது 407-க்கு வயசாகிவிட்டது. வருஷா வருஷம் எஃப்.சி. காட்டவேண்டும், ஒவ்வொரு முறையும் பெயிண்டுக்கும் பட்டறைக்கும் ஒரு தொகை. தம்பி வேறு வண்டிக்கு நிற்கிறான். 2023-இல் வந்த பொலேரோ மேக்ஸ் பிக்கப்பில் இரண்டு டன் ஏற்றும் மாடலே இருக்கிறது, ஏசி உண்டு, பவர் ஸ்டியரிங் உண்டு என்கிறான். மூன்று டன் கோட்டைத் தாண்டியதுதான், பெர்மிட் எப்படியும் எடுக்கவேண்டும், ஆனால் அது இப்போது எங்களுக்குப் பழகிய வேலை. அதிகபாரத்துக்கு 2019 திருத்தத்தில் அபராதம் 20,000 ரூபாயிலிருந்து தொடங்குகிறது என்பதால் பட்டை சேர்க்கிற யோசனையை யாரும் சொல்வதில்லை. நான் திரும்பவும் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பொட்டியை அலுமினியத்தில் செய்தால் நூறு கிலோவாவது குறையும். பித்தளை அண்டா இரண்டு ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்டன. தண்ணீரை எடுத்துவிட்டால் மொத்தம் ஒன்றரை டன்னுக்கு உள்ளேயே வந்துவிடும், அந்தப் பிக்கப்புக்கு மூச்சு வாங்காது.

தண்ணீரை எடுக்கலாம் என்று நான் சொல்வதற்குக் காரணமும் இருக்கிறது. நகரியிலிருந்து திருப்பதி வரைக்கும் கடைக்குக் கடை இருபது லிட்டர் கேன் அடுக்கி வைத்திருக்கிறார்கள். போன புரட்டாசியில் தொட்டியைப் பாதி வழியில் காலி செய்துவிட்டு, நைனாவுக்குத் தெரியாமல் கேன் தண்ணீரில் சாம்பார் வைக்கச் சொன்னேன். பருப்பு நன்றாகவே வெந்தது. இலையில் உட்கார்ந்த யாரும் எதுவும் சொல்லவில்லை. நைனா மட்டும் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து, "எந்தக் கடைத் தண்ணி?" என்றார். தம்பி அட்வான்ஸ் கொடுக்க நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறான், நைனா பழைய தொட்டி இரண்டும் புது வண்டியில் எந்த இடத்தில் உட்காரும் என்று டேப் வைத்து அளந்துகொண்டிருக்கிறார்.